பதினொன்றாம் வழி

தராசில் பொய் சொல்லுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. பொள்ளாச்சி வட்டாரத்தில் முத்திரை ஆய்வாளர் தாரணி வருகிறாள் என்றால் தேங்காய் மண்டிக்காரர் முதல் நகைக்கடைக்காரர் வரை கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவேன். பதினான்கு வருட அனுபவம். இதில் அடக்கம் காட்ட எனக்குத் தெரியாது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். டாக்டர்கள் எம்.எஸ். என்று செல்லமாகச் சுருக்கிவிடுவார்கள். உடம்பைக் காக்க வேண்டிய படையே நரம்பின் மேலுறையைத் தின்றுவிடுகிற நோய். நான்கு டாக்டர்கள் படம் போட்டு விளக்கியும் விளங்காததை என் கணவர் லோகநாதன் ஒரே நிமிடத்தில் விளக்கினார். அவருக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. கருகிப்போன சுருளிலிருந்து ஒரு செம்புக் கம்பியை உருவி என் கையில் கொடுத்தார்.

"கம்பி அறுந்து போகல அம்மிணி. மேல பூசுன வார்னிசுதான் போயிருச்சு. அதான் கரண்டு சேர வேண்டிய எடத்துக்குச் சேராம வழியிலயே நின்னு போகுது" என்றார்.

முதலில் இடது பாதம் மரத்தது. பிறகு கைத்தடி வந்தது. அதற்குப் பிறகு சிறுநீர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அலுவலகத்தில் இதையெல்லாம் சமாளித்துக்கொண்டேன். ஒரு கையில் தடியும் மறு கையில் படிக்கல்லுமாகப் போய்ச் சோதனை செய்த நாட்கள் உண்டு. யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படத் துணியவில்லை.

போன ஆவணியில் எனக்குப் பாலம் போட்டார்கள். கோவையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். தண்டுவடத்தின் ஓரமாக, ரப்பர் பேண்டு அகலத்தில் ஒரு பட்டை. பழுதான இடத்துக்குக் கீழே வருகிற செய்தியை வாங்கி, மேலே நல்ல நரம்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதில் பதினெட்டு வழிகள். குதிகாலுக்கு ஒன்று, முழங்காலுக்கு இரண்டு, சிறுநீர்ப் பைக்கு இரண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒவ்வொரு வழியையும் திறந்து, நோயாளி சொல்லச் சொல்ல அளவை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். இதற்கு மொத்தம் தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் திறக்காத வழியை மூளை பக்கத்து வழிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். பிறகு யார் வந்தாலும் திறக்க முடியாது.

நாற்பதாவது நாள் தடியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். ஐம்பத்தைந்தாவது நாள் காரை நானே ஓட்டினேன். எழுபத்தாறாவது நாள் கோவைக்குத் தனியாகப் போனேன். கிணத்துக்கடவு தாண்டியதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டிக்காரர் பத்துப் பேரை ஒரே நேரத்தில் அதட்டுகிற எனக்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை.

டாக்டர் ரிஸ்வானாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஆம்பூர்க்காரர். பேச்சில் கமா, முற்றுப்புள்ளி இருக்காது. திரையில் பதினெட்டுக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினேழு பச்சை. ஒன்று சாம்பல்.

"பதினொன்னு ஏன் டாக்டர் மூடியே இருக்கு?" என்றேன். கேட்டேவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதினொன்று எதற்கான வழி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "அது தேவைப்படலைன்னு போட்டிருக்கே தாரணி. உங்களுக்கு அந்த விஷயத்துல குறை இல்லைன்னு."

"யாரு போட்டது?"

"ஃபார்ம்ல இருக்கு. ஆறாம் பக்கம். உங்க கூட வந்தவர் நிரப்பினது."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "என்ற உடம்புல உணர்வு இருக்கா இல்லையான்னு கூட வந்தவரு எப்படீங்க சொல்லுவாரு?"

"தப்புதான். அந்தப் பக்கத்தை மட்டும் பெண்கள் கிட்ட நேரா கேட்டா சங்கடப்படுவாங்கன்னு எங்க ஸ்டாஃப் ஹஸ்பண்ட் கிட்ட குடுத்துடறாங்க. மரியாதைக்காகச் செய்யறது. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான் நடக்குது."

"சங்கடம் யாருக்குங்க டாக்டர்? எனக்கா, உங்க ஸ்டாஃபுக்கா? அந்தப் பக்கத்தைக் காட்டுங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். லோகநாதனின் உருண்டை எழுத்து. தாம்பத்திய உறவில் மனைவியின் உணர்வு நிலை, பூஜ்யம் முதல் பத்து வரை என்ற கேள்விக்குப் பத்து. வலி உண்டா? இல்லை. வறட்சி, விருப்பக் குறைவு? இல்லை. கடைசியில் வேறு குறிப்பு என்ற கட்டத்தில் அவராகவே ஒரு வரி எழுதியிருந்தார். 'கடவுள் புண்ணியத்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நோய் கைவைக்கவில்லை.'

எனக்கு இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவர் பொய் எழுதவில்லை. தராசு காட்டியதைத்தான் எழுதியிருக்கிறார். தராசு நான்.

ஆறு வருடமாக எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. முதல் சில மாதம், திரும்பி வந்துவிடும், எதற்கு அவரைக் கலங்கடிப்பது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வேறு காரணம் வந்தது. குளியலறையில் நாற்காலி போடுவதும், படியில் எனக்குப் பின்னால் ஒரு அடி விட்டு ஏறுவதும், கடையில் எனக்கான டயப்பர் பொட்டலத்தைத் தாளில் சுற்றி வாங்கி வருவதுமாக அவர் நாள் முழுக்க நோயாளியின் புருஷனாகவே இருந்தார். அந்த அரைமணி நேரம் மட்டும் அவர் வெறும் லோகநாதனாக இருந்தார். அந்த முகத்தைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த நேரத்தில் மூச்சை இழுக்க வேண்டும், எந்த நேரத்தில் தோளைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நன்றாகவே நடித்தேன். இதிலும் அடக்கம் காட்டத் தெரியவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது தலையைக் குனியவில்லை. ஆனால் காது சுட்டது.

ரிஸ்வானா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "எம்.எஸ். இருக்கிற பெண்கள்ல பாதிக்கு மேல இது வரும். மரத்துப் போகும், எரியும், ஆசையே அத்துப் போகும், அசதில ஒன்னும் வேண்டாம்னு ஆயிடும். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. டாக்டரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"இங்க எத்தன பொம்பளைகளுக்குப் பாலம் போட்டிருக்கீங்க?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அதுல எத்தன பேருக்குப் பதினொன்னு தெறந்திருக்கு?"

"ஒம்பது."

"மிச்சம் இருநூத்தி மூணு பேருக்கும் குறையே இல்லீங்களா?"

"நாங்க அப்படித்தான் கட்டுரை எழுதியிருக்கோம்" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "இந்தப் பாலம் போட வர்ற பெண்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவுன்னு."

"கடைக்காரரைக் கேட்டுட்டு நான் தராசுக்கு முத்திரை வெச்சேன்னா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க டாக்டர். இருநூத்தி மூணு பேரையும் கூப்பிட்டு நேரா கேளுங்க."

"கேக்கறேன். ஆனா அதுல நூத்தி எம்பது பேருக்குத் தொண்ணூறு நாள் தாண்டிருச்சு."

எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. எதிரில் இருந்தவர் ஏற்கெனவே தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

"உங்களுக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கு" என்றார் ரிஸ்வானா. "திறந்தா சில பேருக்கு எரிச்சல் வரும். அந்த ஒம்பது பேர்ல ஒருத்தங்க தாங்க முடியாம மூடச் சொல்லிட்டாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. மத்த வழியெல்லாம் இங்கயே ட்யூன் பண்ணலாம், பதினொன்னை வீட்லதான் பண்ணணும். ரெண்டு பேரும் பேசிக்காம தனித்தனியா எண் எழுதணும். நீங்க உணர்ந்தது, அவர் ஊகிச்சது. ரெண்டையும் நாங்க குடுக்கற கண்ட்ரோல் பெட்டில போட்டா பாலமே அளவை மாத்திக்கும்."

"அவரு ஊகிச்சது எதுக்குங்க?"

"முதல் ஆராய்ச்சில பெண்கள் கூட்டிச் சொன்னாங்க. புருஷன் மனசு நோகுமேன்னு. அது எவ்வளவு தூரம்னு பார்க்கத்தான் ரெண்டாவது எண்."

"அப்ப தனியா இருக்கறவங்க?"

"அவங்க ஒரு எண் போட்டாப் போதும்." டாக்டர் லேசாகச் சிரித்தார். "அவங்களுக்குச் சீக்கிரமே முடிஞ்சிடுது. மரியாதை காட்ட ஆள் இல்ல பாருங்க. நீங்களும் அப்படிச் செய்யலாம் தாரணி. உங்க உடம்பு, உங்க கையெழுத்து போதும். அவருக்குத் தெரியணும்னு கட்டாயம் இல்ல."

இது நல்ல வழியாகத் தெரிந்தது. காரில் ஏறி ஈச்சனாரி வரும்வரை நல்ல வழியாகவே இருந்தது. தனியாகச் சரிசெய்துகொள்ளலாம், ஒரு நாள் நிஜமாகவே எல்லாம் வந்துவிடும், லோகநாதனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவருக்கு ஏற்கெனவே பத்து. பத்துக்கு மேல் எண் கிடையாது. எனக்கு ஆறு வருடத்துக்குப் பிறகு ஒன்று வந்தாலும் அவருக்கு அது பழைய பத்துதான். என் சந்தோஷத்தை அவரிடம் சொல்லக்கூட முடியாது. எனக்கு உணர்வு மட்டும் வேண்டியிருக்கவில்லை. அவரோடு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம் பட்டறைக்குப் போனேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். லோகநாதன் ஒரு ஐந்து எச்.பி. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குச் சுற்ற, வாய் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவர் கம்பி முனையைக் கையிலேயே பிடித்தபடி இருந்தார்.

"எப்ப இருந்து?"

"ஆறு வருசமாங்க."

"ஆறு வருசம்." அந்த எண் சரிதானா என்று பார்ப்பதுபோல் திரும்பச் சொன்னார். "ஒருக்கா கூடத் தெரியலையா?"

"நீங்க தலைய தடவுனது தெரியும். கையப் புடிச்சது தெரியும். அதுக்குக் கீழ ஒன்னும் தெரியலீங்க."

"அப்ப நீ… அதெல்லாம்…"

"நானாப் பண்ணுனதுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எந்த நாள் வரைக்கும் நெசம்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. "காரமடைத் தேர் பார்த்துட்டு வந்தோமே, அந்த வாரம் வரைக்கும்."

அவர் தலையை ஆட்டினார். சுற்றிய கம்பி அத்தனையையும் பிரித்துப்போட்டு மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன். எம்.எஸ். வந்தது தெரிந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

நான்கு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. காலையில் டீ வந்தது, மாத்திரை வந்தது, மகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, பேச்சு மட்டும் இல்லை. கெடு குறைந்துகொண்டே வந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. ஆறு வருடத்துக்கு நான்கு நாள் அதிகம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த ஃபார்ம்ல வேற என்னென்னமோ எழுதி வெச்சேன். கடவுள் புண்ணியம்னு. ஆஸ்பத்திரில எல்லாரும் படிச்சுச் சிரிச்சிருப்பாங்க."

"ஒருத்தரும் சிரிக்கலீங்க. இருநூத்தி மூணு பேரு அதேதான் எழுதியிருக்காங்க."

அவர் நிமிர்ந்தார். "இருநூத்தி மூணு பேருமா?"

"அத்தன பேரும்."

அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆம்பிளைகளுக்குத் துணைக்கு ஆள் இருந்தால் எந்த அவமானமும் பாதியாகிவிடும். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டேன்.

"எனக்குக் கோபம் நீ நடிச்சதுக்கு இல்ல அம்மிணி" என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சே, அதுக்குத்தான். மோட்டாரத் தொட்டே எந்தச் சுருள் போயிருக்குன்னு சொல்லுவேன். உன்னைப் பார்த்து எனக்குத் தெரியல. இனி எனக்கு எது தெரியுது, எது தெரியலன்னு எதை வெச்சு நம்பறது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்குக் கோயமுத்தூர் வாங்க" என்றேன். வந்தார்.

எண்பத்து மூன்றாவது நாள் பதினொன்றைத் திறந்தார்கள். ரிஸ்வானா முதலில் மன்னிப்புக் கேட்டார், என்னிடமும் அவரிடமும். கெடு முடியாத இருபத்து மூன்று பேரில் என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் தானே போனில் பேசிவிட்டதாகச் சொன்னார். பதினெட்டுப் பேர் உடனே திறக்கச் சொன்னார்களாம். ஒரு அம்மா போனிலேயே அழுதாராம். நூற்று எண்பது பேரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற எழுதியாகிவிட்டது.

முதல் நாள் உணர்வுக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் கண்ணில் வைத்த மாதிரி எரிந்தது. ராத்திரி முழுக்க லோகநாதன் மேசை விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூடச் சொல்லீரலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை டாக்டர் அளவைக் குறைத்தார். சனிக்கிழமை எரிச்சல் அடங்கியது. அடங்கிய இடத்தில், எங்கோ பக்கத்து அறையில் யாரோ நடமாடுகிற மாதிரி, என்னவோ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஐந்து மணிக்கு வருவாள். கெடுவுக்கு இன்னும் நான்கு நாள். கதவைச் சாத்தினோம். கல்யாணம் ஆன புதிதில்கூட எங்களுக்கு அப்படிக் கூச்சம் இருந்ததில்லை. பெட்டி சொன்னபடி அவர் ஒவ்வொன்றாக மெதுவாகச் செய்தார். இடையிடையே என் முகத்தைப் பார்ப்பார், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வார். என் முகத்தை அவர் இப்போது நம்புவதில்லை. நான் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். உள்ளே நடந்ததை விவரிக்க மாட்டேன். நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் எடுத்துத் திரும்பி உட்கார்ந்து எழுதினோம். பரீட்சையில் பிட் அடிக்காமல் எழுதுகிற பிள்ளைகள் மாதிரி மறைத்துக்கொண்டு எழுதினோம். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டோம்.

அவர் எழுதியிருந்தது பூஜ்யம்.

என்னுடையது இரண்டு.

அவர் அந்த இரண்டை வெகுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தாளைப் படுக்கையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எனக்காக ஏத்திப் போட்டியா?"

உணர்வு திரும்பி வந்துவிட்டது, அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழி இல்லை. இதுதான் என் தண்டனை என்று நினைத்தேன். இனி நான் எதைச் சொன்னாலும் இந்த மனுஷன் ஒருமுறை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புவார்.

"இல்லீங்க" என்றேன்.

"நெசத்தைச் சொல்லு தாரணி. நான் கோவிச்சுக்க மாட்டேன். இதப் பெட்டில போடப் போறோம். எச்சாச் சொன்னா அது போதும்னு நின்னுக்கும். கொறச்சுச் சொன்னா கரண்ட ஏத்திரும், மறுபடி எரியும். எண்ணு தப்பா இருக்கக் கூடாது. ஏத்தித்தான போட்டே?"

நான் சுவரைப் பார்த்தேன். பதினான்கு வருடம் மற்றவர்களை இப்படி உட்காரவைத்துக் கேட்டவள்.

"இறக்கிப் போட்டேன்."

"என்னது?"

"நாலுங்க. நாலுன்னு எழுதுனா நீங்க நம்ப மாட்டீங்கன்னு ரெண்டு போட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய் எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எட்டு நாளைக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

"உன்னைத் திருத்தவே முடியாது" என்றார்.

இரண்டை அடித்து நான்கு என்று எழுதினேன். அவரும் பேனாவை வாங்கித் தன் பூஜ்யத்தை அடிக்கப் போனார். நான் தடுத்துவிட்டேன்.

"அது இருக்கட்டுங்க. நெசமாத்தான எழுதுனீங்க."

"நெசந்தான். ஆனாத் தப்பாச்சே."

"தப்பா இருந்தாப் பரவால்ல."

அவர் இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்து, பூஜ்யத்தையும் நான்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னொருக்கா அளந்து பார்த்துக்கலாமா?"

மகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.